கொத்தா இடியப்பமா: ஹியூகோவோடு நாலு வருடம்

2021 கடைசியில் ஒரு காலை, கழகச் செயலாளர் சேர் கோல் எடுத்தார். "தம்பி, நாம சப்பாத்து விக்கிறமா?" என்று கேட்டார். எனக்கு விளங்கவில்லை. எங்கள் கல்லடிப் பக்கத்து விளையாட்டுக் கழகத்தின் பெயரைக் கூகுளில் தேடிப் பார்த்தேன். பெயருக்குக் கீழே ஜப்பான் எழுத்தில் நாலைந்து வரி, விலையோடு சப்பாத்துகள். தள முகவரியை நேரே அடித்துப் போனால் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. கூகுளில் இருந்து வருகிறவர்களுக்கு மட்டும் அந்தக் கடை திறக்கிறது. உலகம் முழுக்க நடக்கிற பழைய களவுதான் இது.

அது வேர்ட்பிரஸ் என்ற தள மென்பொருளில் நான் போட்டுக் கொடுத்த தளம். படங்களை ஓட்டிக் காட்டுகிற ஒரு பிளகினை, அதாவது துணை நிரலை, மூன்று வருடமாக யாரும் புதுப்பிக்கவில்லை. யாரும் என்றால் நான்தான். ஆகவே வேர்ட்பிரஸ்ஸைக் குற்றம் சொல்லப் போவதில்லை. பூட்டை மாற்றாதவன் கதவைத் திட்டக்கூடாது.

கூட்டித் துடைத்து முடிக்க ஐந்து இரவு போனது. அந்தக் களைப்போடு மாற்று வழி தேடப் போய்த்தான் ஹியூகோ என்ற தளம் ஆக்கும் மென்பொருளிடம் வந்து சேர்ந்தேன். இப்போது நாலு வருடம். ஏழு தளங்கள் அதில் நிற்கின்றன. ஒன்றை அதிலிருந்து கழற்றியும் விட்டேன். நல்லது கெட்டது இரண்டையும் எழுதி வைக்கிறேன். நம் பக்கத்தில் சின்னச் சின்னத் தளங்கள் செய்து பிழைக்கிற யாருக்காவது உதவும்.

முதலில் என்னைப் பற்றி இரண்டு வரி. கணினியில் பட்டம் எடுத்த ஆள் இல்லை நான். மட்டக்களப்பு ரவுணில் ஒரு அச்சகத்தில் பதினொரு வருடம் எழுத்துக் கோத்தவன். கலியாணக் கார்ட், நினைவு மலர், கோவில் திருவிழா நோட்டீஸ் எல்லாம் பேஜ்மேக்கர் என்ற பக்கம் கோக்கும் மென்பொருளும் பாமினி எழுத்துருவும்தான். அச்சகம் படுத்த பிறகு, அதே வாடிக்கையாளர்கள் "நோட்டீஸ் வேணாம், வெப்சைட் ஒண்டு போட்டுத் தாங்க" என்று கேட்கத் தொடங்கினார்கள். அப்படி விழுந்த குழி இது.

ஹியூகோ என்ன செய்கிறது என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்கிற விளக்கம் சாப்பாட்டுக் கடைதான். வேர்ட்பிரஸ் கொத்துக் கடை. ஆள் வந்து கேட்ட பிறகுதான் தட்டில் ரொட்டி விழும். வெங்காயம், முட்டை, கறி எல்லாம் அந்த நேரத்தில் எடுத்து, டகடகவென்று கொத்தி, கோப்பையில் அள்ளிப் போட வேண்டும். ஒவ்வொரு வாசகனுக்கும் பிஎச்பி மொழி நிரல் ஓடி, தரவுத்தளத்தில் இருந்து கட்டுரையை இழுத்து, பக்கத்தைச் சமைக்கிறது. கேஷ் பிளகின் போட்டால் கொஞ்சம் முன்கூட்டியே கொத்தி மூடி வைக்கலாம், அவ்வளவுதான். ஹியூகோ இடியப்பம். விடியற்காலையில் அவித்துத் தட்டுத் தட்டாக அடுக்கியாயிற்று. வருகிறவனுக்கு எடுத்துக் கொடுப்பது மட்டும்தான் வேலை. அடுப்பு வீட்டில் இருக்கிறது, கடையில் இல்லை. களவெடுக்க வருகிறவன் உடைத்துப் புக அங்கே குசினியே கிடையாது.

உங்கள் கட்டுரைகள் மார்க்டவுன் என்ற வெறும் எழுத்துக் கோப்புகளாக ஒரு போல்டரில் இருக்கும். பக்கத்துக்கு உருவம் கொடுக்கிற அச்சுகளான டெம்ப்ளேட்டுகள் இன்னொரு போல்டரில். கமாண்ட் ஒன்று கொடுத்தால் இரண்டையும் சேர்த்து, முழுத் தளத்தையும் வெறும் எச்டிஎம்எல் பக்கங்களாக ஆக்கி, 'பப்ளிக்' என்ற போல்டரில் போட்டுவிடும். அதை எங்கே வேண்டுமானாலும் ஏற்றலாம். ஸ்டீவ் பிரான்சியா என்பவர் 2013-இல் தொடங்கியது, கோ என்ற நிரல் மொழியில் எழுதியது. பிறகு பியோர்ன் எரிக் பெடர்சன் பொறுப்பெடுத்து இன்று வரை இழுத்துக்கொண்டு போகிறார். பணம் ஏதும் இல்லை, மூலநிரலும் திறந்தது.

எனக்கு அதில் முதலில் பிடித்தது, அது ஒரே ஒரு கோப்பு என்பது. ஸிப்பை இறக்கி விரித்தால், ஓட்ட வேண்டியது ஒரே ஒரு எக்ஸி (நிரல் கோப்பு), அதோடு முடிந்தது. இதற்கு முன் ஜெக்கில் என்ற இதே வகைக் கருவியைப் போட்டுப் பார்க்க முயன்று, அதற்கு வேண்டிய ரூபி மொழியை விண்டோஸில் ஏற்றவே ஒரு பின்னேரம் முழுக்கப் போனது. நோட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் இயக்கி சார்ந்த கருவிகளில் ஒரு சின்னத் தளத்துக்கு நூற்றுக்கணக்கான எம்பி துணைப்பொதிகள் இறங்கும். டேட்டா கார்ட் போட்டு வேலை செய்கிறவனுக்கு அந்தக் கணக்கு நெஞ்சில் தைக்கும்.

நான் மாறிய நேரம் 2022 மார்ச், ஏப்ரல். அந்த நாட்களை யாருக்கும் ஞாபகப்படுத்தத் தேவையில்லை. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு. கரண்ட் போனால் ரவுட்டரும் போகும், ரவரில் சிக்னலும் இழுபறி. வேர்ட்பிரஸ்ஸின் நிர்வாகப் பக்கம் சுற்றிச் சுற்றி நிற்கும். ஹியூகோவுக்கு இணையம் தேவையில்லை. லப்டொப்பில் பற்றரி இருக்கிற இரண்டு மணித்தியாலத்தில், அதன் உள்ளூர் சேர்வரை ஓடவிட்டு, 1313 என்ற போர்ட்டில் தளத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு பக்கம் எழுத மறுபக்கம் அது தானாகப் புதுப்பித்துக் காட்டும். இருட்டில், வேர்க்க வேர்க்க, கழகத்தின் தளம் முழுவதையும் அப்படித்தான் மாற்றினேன். கரண்ட் வந்தவுடன் ஒரே ஏற்றல்.

மற்றது டொலர். கழகத்தின் ஹோஸ்டிங்குக்கு, அதாவது தளத்தை வைக்கிற இட வாடகைக்கு, வருடம் 60 டொலர். 2022 தொடக்கத்தில் டொலர் 203 ரூபா அளவில் கட்டிவைக்கப்பட்டிருந்தது, அந்தக் கணக்கில் 12,000 ரூபாவுக்குக் கொஞ்சம் மேல். மே மாதம் டொலர் 360-ஐத் தொட்டபோது அதே 60 டொலர் 21,600 ரூபா. பந்து வாங்கவே உண்டியல் குலுக்குகிற கழகத்திடம் இதை எப்படிக் கேட்பது? ஹியூகோ ஆக்கித் தருவது வெறும் பக்கங்கள் என்பதால், கிட்ஹப் என்ற கோப்புக் களஞ்சியத் தளம் தருகிற கிட்ஹப் பேஜஸில் சும்மா வைக்கலாம். தளம் ஒரு ஜிபிக்குள் இருக்க வேண்டும், மாதத்துக்கு 100 ஜிபி அளவில் போக்குவரத்து. எங்கள் கழகத்துக்கு அது கடல். பாதுகாப்புச் சான்றிதழும் தானாகவே வரும். டொமைனுக்கு மட்டும் காசு. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கிட்ஹப் பேஜஸில் வியாபாரம் நடத்த விதிமுறை இடம் கொடுக்காது. ஆகவே கடை, விடுதி போன்ற வாடிக்கையாளர்களை கிளவுட்ஃபிளேர் பேஜஸில் வைத்திருக்கிறேன். அங்கே இலவசக் கணக்கில் மாதம் 500 தடவை வரை தளத்தைத் திரும்ப ஆக்கலாம். ஒரு தளத்தில் 20,000 கோப்புகள் வரை போகலாம்.

சரி, இனித் தமிழ். மென்பொருளைப் புகழ்கிற ஆங்கில மதிப்புரைகள் எதிலும் இந்தப் பகுதி இருக்காது.

கழகத்தின் பழைய பதிவுப் புத்தகங்கள் 2004 சுனாமியோடு போய்விட்டன. மிஞ்சியது நான் ரவுண் அச்சகத்தில் அடித்துக் கொடுத்த விழா மலர்களின் பேஜ்மேக்கர் கோப்புகள், ஒரு சீடியில். எல்லாம் பாமினி. பாமினியில் 'அம்மா' என்று நாம் பார்ப்பது, கணினிக்கு எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள். எழுத்துருவைக் கழற்றினால் அம்மா காணாமல் போய்விடுவாள். இணையத்தில் கிடைத்த ஒரு மாற்றியில் போட்டு, எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடுக்குக் கொண்டுவந்தேன். கண்ணுக்கு எல்லாம் அழகாக இருந்தது. ஹியூகோ பக்கங்களின் பட்டியலை நிரல் வாசிக்கிற ஜேசன் கோப்பாகவும் எழுதித் தரும் என்பதால், அதை வைத்து ஜாவாஸ்கிரிப்டில் சின்னத் தேடல் பெட்டி ஒன்றும் எழுதி வைத்தேன்.

மறுகா ஒரு நாள் சேர் சொன்னார், கொக்கட்டிச்சோலையில் ஆடிய ஆட்டத்தைத் தேடினால் ஒன்றுமே இல்லையாம். பக்கத்தைத் திறந்தேன். 'கொக்கட்டிச்சோலை' என்று கொட்டை எழுத்தில் தலைப்பிலேயே இருக்கிறது. பெட்டியில் அதே சொல்லை அடித்தேன். 'பெறுபேறு இல்லை.' ஒரு மணித்தியாலம் என் நிரலைத்தான் சந்தேகப்பட்டேன். கடைசியில் அந்தச் சொல்லை எடுத்து ஒவ்வொரு குறியாக எண்ணிப் பார்த்தேன். போனில் அடித்த கொக்கட்டிச்சோலையில் 15 குறி. மலரில் இருந்து வந்ததில் 17.

அச்சகத்தில் இருந்தவனுக்கு உடனே பொறி தட்டியது. பாமினியில் 'கொ' அடிக்கும்போது முதலில் கொம்பு, பிறகு 'க', கடைசியில் அரவு. மூன்று தட்டு. அந்த மாற்றி கொம்பை மட்டும் 'க'வுக்குப் பின்னால் நகர்த்திவிட்டு, அரவை அப்படியே தனியாக விட்டிருக்கிறது. போனில் அடித்தால் ஒகரக் குறி ஒன்றாகவே வரும். 'சோ'விலும் அதே கதை, இரட்டைக் கொம்பும் அரவும் தனித்தனி. இரண்டு இடத்தில் ஒவ்வொரு குறி கூடினால் 17 சரிதானே. கண்ணுக்கு ஒரே எழுத்து, இயந்திரத்துக்கு வேறு வேறு. இரண்டும் சமம் என்று யூனிகோட் நெறியே சொல்கிறது, இணைந்த வடிவத்துக்கு மாற்றுகிற வழியையும் தருகிறது. பைதனில் ஒரே வரி.

இது ஹியூகோவின் பிழை இல்லை. ஆனால் திருத்தியதில் ஹியூகோவுக்குப் பங்கு உண்டு. எல்லாக் கட்டுரையும் வெறும் எழுத்துக் கோப்புகளாக ஒரு போல்டரில் கிடப்பதால், அறுநூறுக்கு மேற்பட்ட கோப்புகளை ஒரே ஓட்டத்தில் திருத்தினேன். மாற்றங்களைப் பதிந்து வைக்கிற கிட் என்ற கருவியில் இருந்ததால் எது மாறியது என்பதை வரி வரியாகப் பார்க்கவும் முடிந்தது. தரவுத்தளத்துக்குள் கை விட்டு இதைச் செய்ய எனக்குத் துணிவு வந்திருக்காது.

தமிழில் இன்னும் இரண்டு மூன்று இடறல். கோப்பின் பெயரைத் தமிழில் வைத்தால் முகவரியும் தமிழிலேயே வரும். முகவரிப் பட்டையில் பார்க்க நல்லாத்தான் இருக்கும். அதைப் பிரதி எடுத்து வட்ஸ்அப்பில் ஒட்டும்போதுதான் சங்கதி தெரியும். ஒரு தமிழ்க் குறி மூன்று பைட், ஒரு பைட்டுக்கு வீதக் குறியோடு மூன்று எழுத்து, ஆகக் குறி ஒன்றுக்கு ஒன்பது. கொக்கட்டிச்சோலை என்ற ஒரு சொல் 135 எழுத்து நீளத்துக்கு இழுபடும். குழுவில் யாரோ "வைரஸ் லிங்க், தொடாதீங்க" என்று குரல் பதிவு வேறு போட்டார். இப்போது ஒவ்வொரு பக்கத்துக்கும் ஆங்கில எழுத்தில் சின்ன முகவரி ஒன்றைக் கையால் எழுதுகிறேன், அதற்கு ஹியூகோவில் ஒரு வரி இடம் இருக்கிறது.

அடுத்தது கட்டுரைச் சுருக்கம். முகப்பில் காட்ட ஹியூகோ தானாக முதல் 70 சொல்லை எடுக்கும். ஆங்கிலத்துக்கு அது நாலைந்து வரி. நாமோ 'போகவேண்டியிருந்தபடியால்' என்று ஒரு வசனத்தையே ஒரு சொல்லுக்குள் அடைக்கிற ஆட்கள். 70 சொல் போன் திரையை நிரப்பிவிடும். நான் 30 என்று மாற்றி வைத்தேன்.

மாதப் பெயர்தான் எனக்கு மிகவும் பிடித்த முறைப்பாடு. மொழியைத் தமிழ் என்று குறித்தால் ஹியூகோ திகதிகளையும் தமிழில் எழுதும், நல்ல வசதி. ஆனால் அது எழுதுவது பிப்ரவரி, ஆகஸ்ட், அக்டோபர். ஓய்வு பெற்ற தமிழ் வாத்தியார் ஒருவர் கழகத்தின் ஆலோசகர். தளத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இந்தியாவில குடுத்தா செய்வித்த நீங்க?" ஓகஸ்டும் ஒக்டோபரும் இல்லாமல் எங்கள் ஊர்த் தளமா? பன்னிரண்டு வரியில் சொந்த மாதப் பட்டியல் ஒன்று எழுதி, திகதி வருகிற இடமெல்லாம் அதில் இருந்து எடுக்க வைத்தேன். அரை மணித்தியால வேலை, வாத்தியாரும் சமாதானம்.

இதுவரை புகழ்ச்சிதான் கூட. இனி ஹியூகோ என் வாயில் வசவு வரவைத்த இடங்கள்.

தளத்தைச் செய்கிறவனுக்கு இது சொர்க்கம், எழுதிப் போடுகிறவருக்கு அப்படி இல்லை. வேர்ட்பிரஸ்ஸில் பெட்டிக்குள் அடித்து நீலப் பொத்தானை அமத்தினால் வேலை முடிந்தது. ஹியூகோவில் கோப்பின் தலையில் தலைப்பு, திகதி, வகை எல்லாம் ஒரு ஒழுங்கில் எழுத வேண்டும். ஒரு மேற்கோள் குறியை மூட மறந்தால் தளம் முழுக்க ஆகாது. சேருக்கு கிட்ஹப்பைப் போனில் திறந்து, பழைய கோப்பு ஒன்றைப் பிரதி பண்ணி மாற்றிப் போடப் பழக்கினேன். அறுபத்தாறு வயதில் பழகினார், அதற்கே ஒரு கும்பிடு. முதல் கிழமை அவர் போட்ட எதுவும் வெளியே வரவில்லை, ஏனென்றால் நான் கொடுத்த மாதிரிக் கோப்பில் 'டிராப்ட்' (வரைவு) உண்மை என்று இருந்தது. ஹியூகோ புதுக் கோப்பு உண்டாக்கும்போதே அப்படித்தான் எழுதி வைக்கும். அதை எடுத்துவிட்டேன்.

பிறகு வந்ததுதான் பெரிய கூத்து. ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு வெபர் மைதானத்தில் ஆட்டம். சேர் காலை எட்டு மணிக்கு அறிவித்தலை எழுதி, திகதியும் 08:00 என்று நேரமும் போட்டு ஏற்றினார். வரவில்லை. பத்து மணிக்குக் கோல். "தம்பி, நான் போட்டது வரல்லயே." எரர் ஒன்றும் இல்லை, தளம் பச்சையாக ஆகியிருக்கிறது. அவருடைய பக்கம் மட்டும் இல்லை. மத்தியானம் திரும்பக் கோல். "ஆட்டம் முடிஞ்சி சனம் ஊட்ட போன பிறகா மனே இது வரப்போகுது?"

விசயம் இதுதான். ஹியூகோ எதிர்காலத் திகதி போட்ட பக்கத்தை வெளியே விடாது. நேரத்தோடு நேரவலயம் எழுதாவிட்டால் அதை கிரீன்விச் பக்கத்து உலக நேரமாக எடுத்துக்கொள்ளும். நம் காலை எட்டு அங்கே விடியப்புறம் இரண்டரை. அங்கே எட்டு மணியாக நமக்குப் பகல் ஒன்றரை ஆக வேண்டும். சரி, ஒன்றரைக்குப் பிறகாவது வந்ததா என்றால் அதுவும் இல்லை. இடியப்பம் காலையில் அவித்ததுதானே. திரும்ப அவித்தால் ஒழிய புதுத் தட்டு வராது. யாராவது எதையாவது மாற்றி ஏற்றினால்தான் தளம் மறுபடி ஆகும். இரண்டு மணிக்கு நான் ஒரு காற்புள்ளியை மாற்றி ஏற்றினேன், அறிவித்தல் வந்தது. அமைப்புக் கோப்பில் நேரவலயம் ஏசியா, கொழும்பு என்று ஒரு வரி போட்டிருந்தால் இந்தப் பாடே இல்லை. ஆவணத்தில் அது எழுதியும் இருக்கிறது. நான் வாசிக்கவில்லை. இலங்கையில் ஹியூகோ போடுகிற எல்லோரும் முதல் நாளே அந்த வரியை எழுதிவிடுங்கள்.

கோப்பைத் தொடவே பயப்படுகிறவர்களுக்கு டெக்காப் சிஎம்எஸ் என்று ஒன்று இருக்கிறது. முன்பு நெட்லிஃபை சிஎம்எஸ் என்ற பெயரில் இருந்தது. படிவம் மாதிரி ஒரு பக்கத்தைக் காட்டி, பின்னால் கிட்டில் எழுதிவிடும். இரண்டு தளத்தில் போட்டேன். உள்நுழைவு ஒழுங்கு செய்யக் கொஞ்சம் மாரடிக்க வேண்டும், போனில் திரை இறுக்கம். வேலைக்குப் போதும்.

டெம்ப்ளேட் மொழி. இதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஹியூகோ கோ மொழியின் டெம்ப்ளேட்டைப் பயன்படுத்துகிறது. அதில் எல்லாம் ஒரு புள்ளியில் நிற்கிறது. நமக்குப் புள்ளி வைத்தால் எழுத்து மெய்யாகும், அவ்வளவோடு அது இருக்கும். இங்கே புள்ளி எந்த அறைக்குள் நிற்கிறதோ அந்த அறையின் சாமானைக் காட்டும். பக்கத்துக்குள் நின்றால் பக்கம். படங்களைச் சுற்றி வருகிற வளையத்துக்குள் போனால் அதே புள்ளி படம். உள்ளே நின்று பக்கத்தின் தலைப்பைக் கேட்டால், படத்துக்கு அந்தப் பெயரில் என்ன இருக்கிறதோ அதைத் தூக்கித் தரும். வெளியே உள்ளதை எட்ட டொலர் குறி போட வேண்டும். 2022-இல் இதைப் படித்தபோது எனக்கே சிரிப்பு வந்தது, இங்கேயும் டொலர் இல்லாமல் வெளியே இருந்து ஒன்றும் வராதா என்று.

பதிப்பு விவகாரம் இன்னொன்று. 2013-இல் தொடங்கிய மென்பொருள் இன்னும் பூச்சியத்தில்தான் நிற்கிறது, 0.110, 0.128 என்று. முதலாம் பதிப்பு வராதவரை பழையதை மாற்ற உரிமை இருக்கிறது என்ற எண்ணமோ என்னவோ, நிறைய மாற்றுகிறார்கள். அமைப்புக் கோப்பின் வழமையான பெயர் மாறியது. ஒரு பக்கத்தில் எத்தனை கட்டுரை என்று சொல்கிற வரி மாறியது. 2025-இல் வந்த 0.146-இல் டெம்ப்ளேட் போல்டர்களின் அடுக்கே மாறியது. முன்கூட்டி எச்சரிக்கை தருகிறார்கள், மறுப்பதற்கில்லை. ஆனால் கருவியை அவர்கள் நகர்த்த, தீம் என்ற ஆயத்தத் தள வடிவங்களைச் செய்தவர்கள் நகர மாட்டார்கள். நான் பாசிக்குடா விடுதி ஒன்றுக்கு எடுத்த தீமை எழுதியவர் எப்போதோ கைவிட்டுவிட்டார். சீசனுக்கு முன்னால், இரவு பதினொரு மணிக்கு, யோசிக்காமல் ஹியூகோவைப் புதுப்பித்தேன். முப்பதுக்கு மேல் எரர். பழைய எக்ஸியைத் திரும்ப இறக்கி வைத்துத்தான் அன்றிரவு நித்திரை கொண்டேன்.

அன்றிலிருந்து என் வழக்கம்: தளத்தை எந்தப் பதிப்பில் செய்தேனோ அந்த எக்ஸியையும் தள போல்டருக்குள்ளேயே வைத்துவிடுவேன். கிளவுட்டில் ஆக்குகிற இடத்திலும் அதே எண்ணை எழுதிவிடுவேன். ஒரே கோப்பாக இருப்பதன் உண்மையான சுகம் இதில்தான் தெரிந்தது.

கழற்றிவிட்ட தளம் மருதமுனையில் சாரன் கடை. கைத்தறிச் சாரன் என்றால் அந்த ஊரை யாருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. தொடக்கத்தில் பதினாலு டிசைன். ஹியூகோவில் படத்தோடு போட்டு, ஒவ்வொன்றின் கீழும் வட்ஸ்அப் பொத்தான். அமத்தினால் சாரனின் இலக்கத்தோடு செய்தி திறக்கும். நம் பக்கத்து வியாபாரத்துக்கு அதுவே தாராளம் என்று நினைத்தேன், ஒரு வருடம் நன்றாகவும் ஓடியது. பிறகு கடைக்கார நானா இருநூறு டிசைனுக்குப் போனார். காலையில் இருக்கிற நிறம் பின்னேரம் முடியும். "தம்பி, இல்லாத சாரனுக்கு சல்லி அனுப்பிட்டாங்க, திருப்பி அனுப்பி அனுப்பி எனக்கு ஏலா" என்றார். இருப்பு நிமிடத்துக்கு நிமிடம் மாறுகிற கடைக்கு இடியப்பம் சரிவராது, கொத்துத்தான் போட வேண்டும். வேர்ட்பிரஸ்ஸின் கடைப் பிளகினான வூகொமேர்ஸில் மாற்றிக் கொடுத்தேன். இந்த முறை பிளகின் புதுப்பிக்க மாதக் கூலியும் பேசி எழுதிக்கொண்டேன்.

வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படிக்கிற பெடியன் ஒருவன் லீவு நாட்களில் என்னோடு வேலை செய்கிறான். கெட்டிக்காரன். "அண்ணா, ஹியூகோவெல்லாம் இப்ப ஆர் பாவிக்கிற? நெக்ஸ்ட் ஜேஎஸ்ல போடுவம்" என்பான். ஜாவாஸ்கிரிப்டில் பெரிய தளங்கள் கட்டுகிற கருவி அது. கழகத்துக்கு என்ன தேவை, ஆட்ட அட்டவணையும் பழைய மலர்களும்தானே என்றால், "பிற்காலத்துக்கு" என்பான். எனக்கு இவனுக்கு முந்தி ஒரு சினேகிதன் அதே மாதிரி இன்னொரு கருவியைச் சொல்லி, கேட்ஸ்பி படி, கேட்ஸ்பி படி என்று உயிரை எடுத்தான். 2023-இல் கேட்ஸ்பியை நெட்லிஃபை நிறுவனம் வாங்கியது, அதன் பிறகு அது ஆறிய பிளேன்ரீ மாதிரி ஆகிவிட்டது. பெடியன் வேலை தேடப் போகிறவன், அவன் நெக்ஸ்ட் படிப்பதுதான் சரி. அதைக் கழகத்தின் தலையில் கட்டாமல் இருந்தால் போதும்.

நான் பார்ப்பது வேறு ஒன்று. இந்தக் கழகத்துக்கு எனக்கும் முந்தி ஒரு தளம் இருந்தது. செய்தவர் கட்டாருக்குப் போனார், கடவுச்சொல்லும் அவரோடு போனது, ஹோஸ்டிங் காசு கட்டாமல் ஒரு நாள் தளம் மறைந்தது. நம் ஊரில் தளங்கள் சாகிறது பெரும்பாலும் இப்படித்தான். அதனால் தளம் ஒப்படைக்கும்போது ஒரு பென்டிரைவும் கொடுக்கிறேன். அதில் கட்டுரைக் கோப்புகள், டெம்ப்ளேட், ஆக்கி முடித்த பப்ளிக் போல்டர், அந்தப் பதிப்பு எக்ஸி, இரண்டு தட்டுத் தட்டினால் தளத்தை ஆக்குகிற ஒரு பெட்ச் கோப்பு. தமிழில் ஒரு பக்க வழிகாட்டியும் அச்சடித்து மடித்து வைப்பேன், பழைய தொழில் விடாது. கழகத்தின் பென்டிரைவ் கிண்ணங்கள் வைக்கிற கண்ணாடி அலுமாரியில் இருக்கிறது.

போன மாதம் நான் கொழும்பில் நின்ற நேரம் சேர் அதை எடுத்துப் பேரனின் லப்டொப்பில் செருகியிருக்கிறார், சும்மா பரீட்சை பார்க்க. பெட்ச் கோப்பைத் தட்டிவிட்டு எனக்குக் கோல்.

"தம்பி, கறுப்பு யன்னல் ஒண்டு வந்து உடனே பெயித்து. ஏதும் பிழச்சிட்டா?"

"இல்ல சேர். ஆகி முடிஞ்சிது, போல்டரத் திறந்து பாருங்க."

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பிறகு பேரனின் குரல் தூரத்தில் கேட்டது, "அப்பப்பா, எல்லாம் இரிக்கி."